இறக்கையில் ஏறிய ஐஸ்

எங்க ஊர் கான்சாபுரம். மொட்டை மாடியில் நின்னா மலை மேல மேகம் பஞ்சு மாதிரி தெரியும். அப்படி ஒரு மேகம் விமானத்தையே கவிழ்க்கும்னு சொன்னா நம்புவீங்களா? அமீலியா ஏர்ஹார்ட் கதையைக் கேளுங்க.

1897-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1920-ல் முதல் தடவை விமானத்தில் ஏறினார். இறங்கும்போதே ஓட்டக் கத்துக்கணும்னு முடிவு பண்ணிட்டார். வேலை பார்த்துக் காசு சேர்த்துப் பயிற்சி எடுத்தார். 1928-ல் அட்லாண்டிக்கை விமானத்தில் கடந்த முதல் பெண் என்று உலகமே கொண்டாடியது. ஆனா அன்னைக்கு ஓட்டினது வேற ஆள், இவர் வெறும் பயணி. அந்த உறுத்தல் அவருக்குப் போகவே இல்லை.

1932 மே 20. கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து ஒற்றை இன்ஜின் லாக்ஹீட் வேகாவில் தனியாகக் கிளம்பினார். வழியில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் பழுதானது. எக்ஸாஸ்ட் குழாயில் வெல்டிங் விட்டுத் தீ எட்டிப் பார்த்தது. போதாததுக்கு, மேகத்துக்குள் ஏறியதும் இறக்கையில் ஐஸ் பிடிச்சிடுச்சு.

இங்கதான் நம்ம பாடம். மேகத்து நீர்த்துளி பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் உறையாம தண்ணியாவே இருக்கலாம். விமானம் மோதினதும் உறைஞ்சு ஒட்டிக்கும். எடை கூடுறதை விட பெரிய ஆபத்து, இறக்கையோட வடிவம் கெடுறது. லிஃப்ட் குறையும், டிராக் கூடும், வழக்கமா பறக்கிற வேகத்திலேயே ஸ்டால் ஆகிடும்.

அவர் விமானமும் சுழன்று விழுந்தது. கடல் அலைகள் கண்ணில் படும் உயரத்தில்தான் மறுபடி கட்டுக்குள் வந்தது. மேலே போனா ஐஸ், ரொம்பக் கீழே போனா கடல். ஆல்டிமீட்டர் இல்லாமல், நடுவில் ஒரு உயரத்தைப் பிடித்தே ராத்திரியைக் கடந்தார். கிட்டத்தட்ட 15 மணி நேரம் கழித்து, வட அயர்லாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியாக விமானம் ஓட்டிக் கடந்த முதல் பெண். இந்த முறை அந்தப் பெயர் அவரே சம்பாதிச்சது.

1937-ல் உலகைச் சுற்றக் கிளம்பி, ஜூனில் கராச்சி, கல்கத்தா வழியாகப் போனார். ஜூலை 2-ல் பசிபிக் மேல் காணாமல் போனார். இன்னைக்கு வரைக்கும் விமானம் கிடைக்கலை.

நம்ம ஊர் வெயிலுக்கு ஐஸ் எங்கேன்னு நினைக்காதீங்க. நம்ம தலைக்கு மேலேயும் சுமார் 16,000 அடி தாண்டினா பூஜ்யம் டிகிரிதான். இறக்கை முன்விளிம்பில் ஊதி ஐஸை உடைக்கும் ரப்பர் உறை இருக்கிற சின்ன விமானங்கள் உண்டு. ஐஸை நீக்கும் எந்த வசதியும் இல்லாத விமானத்துக்கு இன்னைக்கும் ஒரே வழி, அமீலியா மாதிரி ஐஸ் இருக்கிற உயரத்தை விட்டு வெளியே வர்றதுதான்.