சோடா விற்ற சிறுவன் கலைவாணர் ஆன கதை



ஒருவரை அழ வைப்பது எளிதா, சிரிக்க வைப்பது எளிதா? தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தால் போதும், அழுகை வந்துவிடும். சிரிக்க வைப்பதுதான் கடினம். அதிலும் யார் மனமும் நோகாமல் சிரிக்க வைப்பது மிக மிகக் கடினம். அந்தக் கடினமான வேலையை வாழ்நாள் முழுவதும் செய்தவர், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் நடிகர் மட்டுமல்ல; தம் நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே உருவாக்கியவர்; பாடகர்; படத் தயாரிப்பாளர்; இயக்குநர்.

நாகர்கோவிலை ஒட்டியுள்ள ஒழுகினசேரியில், 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். வீட்டில் வறுமை. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. சிறுவன் கிருஷ்ணன் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தான். மாலையானால் நாடகக் கொட்டகையில் சோடா விற்றான். விற்பனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல், ஓர் ஓரமாக நின்று நாடகத்தைப் பார்ப்பான். வசனம், பாட்டு, ஆட்டம் எல்லாம் மனத்தில் பதிந்தன. பள்ளிக்கூடம் மூடிய கதவை நாடகக் கொட்டகை திறந்துவிட்டது!

பின்னர், புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே எந்த வேடம் கொடுத்தாலும் நடிப்பார். ஆனாலும் கொட்டகை அதிர்ந்தது அவருடைய நகைச்சுவைக்குத்தான். தென்பாண்டி நாட்டுக் கலையான வில்லுப்பாட்டும் அவருக்கு நன்றாக வந்தது.

தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கிய காலம் அது. நாடக நடிகர்கள் பலரும் திரையுலகுக்கு வந்தார்கள். கிருஷ்ணனும் வந்தார். 1935-ல் 'மேனகா', 1936-ல் 'சதி லீலாவதி' ஆகிய படங்களில் நடித்தார். 'சதி லீலாவதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த படமும் அதுதான். தம்முடன் படங்களில் நடித்த டி.ஏ.மதுரத்தைக் கிருஷ்ணன் மணந்துகொண்டார். பின்னர் இருவரும் இணைந்து ஏராளமான படங்களில் மக்களைச் சிரிக்க வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் அவர் ஒரு புதிய வழக்கத்தை உண்டாக்கினார். படத்தின் கதை ஒரு பக்கம் நடக்கட்டும், நகைச்சுவைப் பகுதியைத் தாமே தனியாக உருவாக்கித் தருகிறேன் என்று பொறுப்பு எடுத்துக்கொண்டார். அதற்கென்று அவரிடம் ஒரு குழுவே இருந்தது. காட்சியை யோசிப்பது, வசனம் அமைப்பது, பாட்டு சேர்ப்பது, நடிப்பது எல்லாம் அவர்கள் வேலை. என்.எஸ்.கே. நகைச்சுவை இருந்தால் படம் ஓடும் என்று தயாரிப்பாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

எங்கள் கூரத்தை அடுத்த காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை நெய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. இரண்டும் பின்னினால்தான் துணி. கலைவாணரின் நகைச்சுவையும் அப்படித்தான். சிரிப்பு பாவு என்றால், சிந்தனை ஊடை. மூடநம்பிக்கை, குடிப்பழக்கம், சாதி வேற்றுமை என்று சமுதாயத்தில் எங்கெல்லாம் அழுக்கு கண்டாரோ, அங்கெல்லாம் கேலி என்ற சோப்பைப் போட்டுத் தேய்த்தார்.

இப்படிப் புகழின் உச்சியில் இருந்தபோதுதான் பெரிய இடி விழுந்தது. 1944 நவம்பரில், சென்னையில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். திரையுலகினரைப் பற்றி அவதூறாக எழுதி வந்தவர் அவர். அந்தக் கொலை வழக்கில் என்.எஸ்.கிருஷ்ணனும், அந்நாளின் பெரிய நட்சத்திரமான எம்.கே.தியாகராஜ பாகவதரும் கைது செய்யப்பட்டனர். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டையே சிரிக்க வைத்தவர் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால்! வழக்குச் செலவில் சேர்த்த பொருளெல்லாம் கரைந்தது.

ஆனால், மதுரம் அம்மையார் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நடிகர் எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார். குழுவை நம்பியிருந்த கலைஞர்களின் வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார். வழக்கும் விடாமல் நடந்தது. அப்போது இந்தியாவுக்கு உச்ச நீதிமன்றம் போல விளங்கிய, லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை அது சென்றது. வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி பிரிவி கவுன்சில் உத்தரவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மீண்டும் விசாரித்து, 1947-ல் இருவரையும் விடுதலை செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழிந்திருந்தன.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய வெற்றி கிடைக்கவில்லை. கிருஷ்ணனும் வாடிப்போயிருக்கலாம். ஆனால், அவர் மறுபடியும் சிரிப்பையே கையில் எடுத்தார்.

உலகின் வேறொரு மூலையிலும் அதே காலத்தில் இப்படி ஒருவர் இருந்தார். பெயர் எர்னஸ்ட் லூபிட்ச். ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1892-ல் பிறந்த யூதர், தையற்காரரின் மகன். நகைச்சுவை நடிகராகத் தொடங்கி, இயக்குநராகி, அமெரிக்காவுக்குச் சென்று பெரும் புகழ் பெற்றார். யூதர் என்பதால் ஹிட்லரின் அரசு 1935-ல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தது. அவர் 1942-ல் ஹிட்லர் கூட்டத்தைக் கேலி செய்து ஒரு நகைச்சுவைப் படமே எடுத்துவிட்டார்! துன்பத்துக்குச் சிரிப்பால் பதில் சொல்வது நல்ல கலைஞர்களின் வழக்கம் போலிருக்கிறது.

நம் கிருஷ்ணனுக்கும் 1947-லேயே ஒரு பெருமை வந்தது. தமிழ் நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் அவருக்குக் கலைவாணர் என்ற பட்டத்தை வழங்கினார். அதன் பிறகு அந்தப் பட்டமே அவர் பெயராகிவிட்டது.

1949-ல் 'நல்லதம்பி' படம் வெளிவந்தது. கதை வசனம் எழுதியவர், காஞ்சிபுரம் தந்த அறிஞர் அண்ணா. இந்தப் படத்தில்தான் கலைவாணரின் புகழ்பெற்ற கிந்தனார் கதை வருகிறது. பாடல்களை எழுதியவர் உடுமலை நாராயண கவி. சிதம்பரம் போக ஏங்கிய நந்தனார் கதையை அறிவீர்கள். கிந்தன் ஏங்கியதோ படிப்புக்காக! ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த அந்தச் சிறுவன், ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்து முன்னேறி, பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியாகவே ஊருக்குத் திரும்பி வருகிறான். நான்காம் வகுப்போடு படிப்பை இழந்த ஒருவர், எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதை இது. ஆசிரியராகப் பணியாற்றிய எனக்கு, அவருடைய படைப்புகளில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

அடுத்து இயக்குநராகவும் ஆனார். 1951-ல் 'மணமகள்' படத்தை இயக்கினார். 1952-ல் சிவாஜி கணேசன் நடித்த 'பணம்' படத்தை இயக்கினார். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரும் இரட்டையராகச் சேர்ந்து இசையமைத்த முதல் படம் அது.

கலைவாணருக்கு எவ்வளவு பணம் வந்ததோ, அவ்வளவும் பிறருக்குப் போனது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல அவருக்குத் தெரியாது. மகாத்மா காந்தியின் நினைவாக, நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் ஒரு நினைவுத் தூணையும் எழுப்பினார்.

1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் போட்டியிட்டார். அவரை எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். அண்ணாவுக்காகப் பேச வந்த கலைவாணர் என்ன செய்தார் தெரியுமா? அந்த மருத்துவரைப் புகழ்ந்து தள்ளினாராம்! கூட்டம் திகைத்தது. கடைசியில், இவ்வளவு நல்ல மருத்துவரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். கூட்டம் குலுங்கிச் சிரித்தது என்று இன்றும் சொல்வார்கள். எதிராளியைப் பற்றி ஒரு சுடுசொல் கூட இல்லை, பாருங்கள்!

அதே ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் கலைவாணர் மறைந்தார். வயது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. பெரிய சொத்து எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை.

1969 ஜனவரியில், சென்னை தியாகராய நகரில் அவருடைய சிலையை முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசி நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. அடுத்த மாதமே அவரும் மறைந்தார். சென்னையில் கலைவாணர் அரங்கமும் இருக்கிறது. கொரோனா காலமான 2020-ல், இடைவெளி விட்டு உட்கார வேண்டியிருந்ததால், தமிழகச் சட்டப்பேரவை அங்கேதான் கூடியது. சோடா விற்ற சிறுவனின் பெயர் தாங்கிய கூரையின் கீழ், நாட்டுக்குச் சட்டம் செய்யும் சபை!

வகுப்பில் நண்பனின் உயரத்தையோ, நிறத்தையோ, திக்கித் திக்கிப் பேசுவதையோ கேலி செய்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால், அந்த ஐந்தாவது ஆள் அழுவான். ஐந்து பேரும் சேர்ந்து சிரிக்கும்படி ஒன்று சொல்ல முடியுமா என்று நாளைக்கே முயன்று பாருங்கள். கலைவாணர் நடந்த வழி அதுதான்.