எர்னஸ்ட் ஸ்டார்லிங்

சின்ன காஞ்சிபுரத்தில் விடியற்காலையிற் பசுக் கறப்போர், முதலிற் கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்த பின்னரே கறக்கத் தொடங்குவர். கன்றின் வாய் பட்டவளவில் பால் இறங்குவது யாங்ஙனம்? பிள்ளை பிறக்குமுன் பெருகாத பால் பிறந்தபின் பெருகுவது எதனால்? தொன்றுதொட்டுக் கண்டும் காரணம் அறியப்படாதிருந்த இவ்வினாக்களுக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர் எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் பம்பாயில் நீதிமன்ற அலுவல் பூண்டு நம் நாட்டில் தங்கியிருந்தமையால், தாயாரே இங்கிலாந்தில் மக்களைப் பேணி வளர்த்தார். மருத்துவம் பயின்று தேர்ந்த ஸ்டார்லிங், 1899-இல் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் உடலியற் பேராசிரியரானார். இவருடைய சகோதரியை மணந்த வில்லியம் பேலிஸ் ஆராய்ச்சியிலும் இவருக்கு உற்ற துணைவராயினார்.

உடலுறுப்புக்களை ஏவுவன நரம்புகளே என்பது அந்நாளில் வலுப்பெற்றிருந்த கொள்கை. 1902-இல் இவ்விருவரும் ஒரு நாயின் சிறுகுடற் பகுதியின் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர்; அப்பொழுதும் கணையம் நீர் சுரந்தது. குடலின் உட்பரப்பினின்று வடித்த சாற்றை இரத்தத்திற் செலுத்தியபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. இரத்தத்தின் வழியே தூது செல்லும் பொருள் உண்டென்பது இதனால் தெளிவாயிற்று. 1905-இல், தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று ஹார்மோன் என்னும் பெயரை ஸ்டார்லிங் வழங்கினார்.

அடுத்த ஆண்டிலேயே ஜேனட் லேன்-கிளேபன் என்னும் பெண்மணியுடன் பாற்சுரப்பிகளை ஆராய்ந்தார். முயற்கருவினின்று எடுத்த சாற்றைக் கருவுறாத முயல்களுக்குச் செலுத்த, அவற்றின் பாற்சுரப்பிகள் வளரலாயின. கருவினின்று வரும் ஒரு பொருள் சுரப்பியை வளர்த்துப் பாலைத் தடுத்து நிற்கிறதென்றும், மகப்பேற்றில் அது நீங்கவே பால் பெருகுகிறதென்றும் இருவரும் முடிவு கூறினர்.

இம்முடிவிற் பாதி பிழை, பாதி மெய். சுரப்பியை வளர்ப்பவை கருவினின்று அல்ல, தாயின் சூலகத்தினின்றும் நஞ்சுக்கொடியினின்றும் வரும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டெரோன் என்னும் ஹார்மோன்களே எனப் பின்னர் விளங்கிற்று. பாலை உண்டாக்கும் புரோலாக்டினோ, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் முற்பகுதியில் தோன்றுவது. ஆயினும் தடை நீங்கவே பால் பெருகுமென்ற கருத்து நிலைத்தது. நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் புரோஜெஸ்டெரோன் குறைய, புரோலாக்டினின் செயல் தடையின்றி நடைபெறுகிறது. கன்று ஊட்டும்போதோ, காம்பின் உணர்ச்சி நரம்பு வழியே மூளையை எட்ட, பிட்யூட்டரியின் பிற்பகுதியினின்று ஆக்ஸிடோசின் இரத்தத்திற் கலந்து, மடியிலுள்ள பாலை இறக்குகிறது. நரம்பு செய்தி கொணர, இரத்தம் ஆணையைக் கொண்டுசெல்லும் இவ்வமைப்பு, படைத்தவனது ஞானத்தை வியக்கச் செய்கிறதன்றோ!

இதயத்தின் இயக்கத்தைப் பற்றி இவர் கண்ட விதி இன்றும் இவர் பெயரால் வழங்குகிறது. எனினும் நோபெல் பரிசு இவருக்குக் கிட்டவில்லை. 1927-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள், ஜமெய்க்காத் தீவினருகே கடற்பயணத்திலேயே உயிர் நீத்தார்.

மறு ஆண்டிலே, 1928-இல், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் என்னும் இருவர் பிட்யூட்டரிச் சாற்றால் முயல்களிற் பால் சுரக்கச் செய்தனர். ஸ்டார்லிங் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. ஆயினும் தாம் கண்டதைத் துணிந்து கூறிப் பிறர் திருத்துதற்கு இடந்தந்தமையால், அவர்தம் பிழையும் அறிவுக்கு ஒரு படியாயிற்று. கல்வி கற்கும் நாம் அவரிடத்துக் கொள்ளத்தக்க பாடம் இதுவே.