காற்றைச் சக்கரத்தில் அடைத்த கால்நடை மருத்துவர்



ராமநாதபுரம் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டும் எல்லாருக்கும் ஒரு பொது எதிரி உண்டு. யார் தெரியுமா? சீமைக்கருவேல முள்தான்! காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது டயர் கல் மாதிரி இருக்கும். பாதி வழியில் புஸ்ஸென்று காற்று இறங்கிவிடும். அப்புறம் என்ன? பஞ்சர் கடை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

காற்றே இல்லாத டயர் இருந்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படிப்பட்ட டயர் ஒரு காலத்தில் இருந்தது. அதில் ஏறிக் குலுங்கிய ஒரு சிறுவனுக்காகத்தான் அவன் தந்தை காற்று டயரைச் செய்தார். அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

டன்லப், 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் டிரெக்ஹார்ன் என்னும் கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவமனை நடத்தினார். குதிரைகளும் மாடுகளுமே அவரிடம் வந்த நோயாளிகள். அந்தத் தொழிலில் நல்ல பெயரும் எடுத்தார். அவர் பொறியாளரும் அல்லர், சைக்கிள் வியாபாரியும் அல்லர்.

அவருக்கு ஜானி என்று ஒரு மகன். ஏறக்குறைய உங்கள் வயதுதான். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கல் பாவிய தெருக்கள். அந்தக் காலத்துச் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் சுற்றியிருக்கும். ஒவ்வொரு கல்லின் மேலும் சக்கரம் ஏறி இறங்க, சிறுவனின் உடம்பு கடகடவென்று ஆடியது. வேகமாகப் போகவும் முடியவில்லை.

1887-ஆம் ஆண்டு, தம் 47-ஆம் வயதில், டன்லப் ஒரு சோதனை செய்தார். வட்டமான ஒரு மரப்பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பரை ஒட்டிக் குழாயாக்கி, பலகையின் விளிம்பில் வைத்துத் துணியால் இறுகச் சுற்றினார். பிறகு கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் அதில் காற்றை அடைத்தார். ஜானியின் சைக்கிளிலிருந்து கெட்டி ரப்பர் சக்கரம் ஒன்றையும் கழற்றினார். இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் சற்றுத் தூரம் ஓடிச் சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் மறுகோடி வரை ஓடி, மோதித் திரும்பியது!

ஏன் அப்படி? கெட்டிச் சக்கரம் ஒரு சிறு கல்லைக் கண்டாலும் முழுதாக மேலே தூக்கப்பட வேண்டும். அதில் அதன் வேகம் கரைகிறது. காற்று டயர் அந்த இடத்தில் மட்டும் உள்ளே குழிந்து, கல்லை விழுங்கிவிட்டு, உடனே பழைய வடிவுக்கு வந்துவிடும். அதனால் குலுக்கலும் குறைவு, மிதிக்கும் உழைப்பும் குறைவு.

1888-இன் தொடக்கத்தில் ஜானியின் சைக்கிளில் காற்று டயர்கள் ஏறின. அதே ஆண்டில் டன்லப் காப்புரிமையும் பெற்றார். காப்புரிமை என்றால், ஒரு கண்டுபிடிப்பைக் குறிப்பிட்ட காலத்துக்கு அதன் உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேறு யாரும் செய்து விற்கக் கூடாது என்று அரசு தரும் உரிமை.

தடித்த அந்த டயரைப் பார்த்து முதலில் ஊரே சிரித்தது. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் சைக்கிள் பந்தயம் நடந்தது. வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் பூட்டிய சைக்கிளில் கலந்துகொண்டு, ஓடிய பந்தயங்களில் எல்லாம் வென்றார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதே ஆண்டில் டப்ளின் நகரில், ஹார்வி டு குரோ என்பவர் தலைமையில் டயர் நிறுவனம் உருவானது. டன்லப் அதில் பங்குதாரர் ஆனார்.

இனி அவர் கோடீஸ்வரர்தான் என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் இடி விழுந்தது. காப்புரிமை கிடைத்து இரண்டே ஆண்டுகளில், அது செல்லாது என்ற செய்தி வந்தது. காரணம், டன்லப் 5 வயதுப் பிள்ளையாக இருந்த 1845-ஆம் ஆண்டிலேயே, ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு 23 வயது. குதிரை வண்டிச் சக்கரங்களில் அதைப் பொருத்தி ஓட்டியும் காட்டினார். ஆனால் அன்று சைக்கிள்கள் பெருகவில்லை. அந்த டயரைத் தேடி வாங்க ஆள் இல்லை. தாம்சன் 1873-இல் இறந்தார். அவருடைய டயரையும் உலகம் மறந்துபோனது.

டன்லப் யாரிடமும் திருடவில்லை. முன்னவரைப் பற்றித் தெரியாமல், தாமே யோசித்துத்தான் செய்தார். ஆனாலும் சட்டத்தின் முன் முதலில் வந்தவருக்கே இடம். யோசித்துப் பாருங்கள், அவர் மனம் எவ்வளவு வருந்தியிருக்கும்!

ஆனால் டயர் நிற்கவில்லை. டன்லப் செய்த டயர் சக்கரத்தோடு ஒட்டியிருக்கும். பஞ்சர் ஆனால் கழற்றுவது பெரும்பாடு. வெல்ச் என்பவரும், பிரான்சில் மிஷ்லன் சகோதரர்களும் எளிதாகக் கழற்றி மாட்டும் டயர்களை உருவாக்கினார்கள். வுட்ஸ் என்பவர் 1891-இல் வால்வு செய்தார். நம் ஊர் சைக்கிள் கடையில் வால் டியூப் போடுகிறார்களே, அது இந்த வகை வால்வுதான். செய்தவர் வுட்ஸ், ஆனால் அதற்கு டன்லப் வால்வு என்றே பெயர் நிலைத்துவிட்டது. பார்த்தீர்களா, ஒருவர் முதலில் நினைத்தார், ஒருவர் சாலைக்குக் கொண்டுவந்தார், மற்றவர்கள் செம்மைப்படுத்தினார்கள். உங்கள் சைக்கிள் டயரில் இத்தனை பேரின் மூளை இருக்கிறது.

1896-இல் டயர் நிறுவனம் 30 லட்சம் பவுனுக்கு விலைபோனது. அதற்குள் டன்லப் விலகிவிட்டார். டப்ளினில் ஒரு துணிக்கடை நிறுவனத்தில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்தார். 1921-ஆம் ஆண்டு அக்டோபர் 23-இல் தம் 81-ஆம் வயதில் காலமானார். பெரும்பணம் அவரைச் சேரவில்லை. பெயர் மட்டும் உலகம் சுற்றியது. நம் சென்னை அம்பத்தூரில் 1959 முதல் பல ஆண்டுகள் டன்லப் பெயரில் டயர் தொழிற்சாலை ஓடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நம் மாட்டு வண்டிகளுக்கு இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம். பிறகு டயர் வண்டி வந்தது. மாடுகளுக்கு இழுவைப் பளு குறைந்தது. மாடுகளுக்கு மருத்துவம் பார்த்த ஒருவரின் முயற்சி, கடல் கடந்து நம் மாடுகளுக்கும் உதவியது எவ்வளவு பொருத்தம்!

இனி டயர் வாங்கப் போகும்போது டன்லப் உருட்டிய சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான டயர் தார் ரோட்டில் வேகமாக ஓடும்; தனுஷ்கோடி மணலில் புதைந்துவிடும். பள்ளிக்குப் போகவும், மண்பாதையில் ஓட்டவும் சற்று அகலமான டயரே நல்லது. டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும். உங்கள் சக்கரத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். காற்று குறைந்தால் மிதிக்க முடியாது. அளவுக்கு மீறினால் குலுக்கும். பஞ்சர் ஒட்டியதும், டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய முள் அங்கேயே ஒளிந்திருக்கலாம்!

முள்ளுக்குப் பயந்து காற்றை விட்டுவிட முடியுமா, என்ன?