மெதுவாகப் போன காரும் மின்னல் வேக வீரரும்

கார்ப் பந்தயத்தில் உலகப் புகழ் பெற்றவர் அயர்ட்டன் சென்னா. பிரேசில் நாட்டுக்காரர். 3 முறை உலகச் சாம்பியன் ஆனவர். 34-வது வயதில் பந்தயப் பாதையிலேயே விபத்துக்கு ஆளாகி உயிர் விட்டார்.

அந்தக் கடைசிப் பந்தயத்தில் அவர் ஓட்டியது 6 சுற்றும் கொஞ்சமும்தான். அதில் பெரும் பகுதி அவர் வேகமாக ஓட்டவில்லை. ஒரு சாதாரணக் காரின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார்! அந்தக் காருக்குப் பெயர் பாதுகாப்புக் கார். அது அவசியமா? அது நியாயமா? பந்தய ரசிகர்களிடையே இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை.

4 வயதில் கார்

சென்னா 1960-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி சாவ் பாவ்லோ நகரில் பிறந்தார். தந்தை மில்டன் வசதி படைத்தவர். சிறு வயதில் சென்னா அடிக்கடி தடுக்கி விழுவாராம். மகனுக்கு 4 வயது ஆனபோது தந்தை ஒரு குட்டிக் கார் செய்து கொடுத்தார். புல் வெட்டும் இயந்திரத்தின் எஞ்சின்தான் அதில் பொருத்தப்பட்டிருந்தது. தடுக்கி விழுந்த பையன், அந்தக் காரில் ஏறியதும் வேறு ஆளாகிவிட்டான்.

13-வது வயதில் பந்தயங்களில் இறங்கினார். ஒரு முறை மழையில் மிக மோசமாகத் தோற்றார். அன்று முதல், மழை வந்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். சென்னா காரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவார். மழையில் அவரை வெல்ல ஆள் இல்லை என்று பின்னாளில் பெயர் வாங்கியது இப்படித்தான்.

நிறுத்தப்பட்ட பந்தயம்

1984-ல் பெரிய பந்தயங்களில் நுழைந்தார். அந்த ஆண்டு மொனாக்கோ நகரப் பந்தயத்தில் கொட்டும் மழை. சென்னாவின் கார் அவ்வளவு நல்ல கார் அல்ல. 13-வது இடத்தில் இருந்து புறப்பட்டார். ஒவ்வொருவராக முந்தி 2-வது இடத்துக்கு வந்துவிட்டார். முன்னால் போனவர் பிரான்சு நாட்டு வீரர் அலேன் புரோஸ்ட். இடைவெளி சுற்றுக்குச் சுற்று குறைந்தது. அந்த நேரம் பார்த்துச் சிவப்புக் கொடி! மழை பலமாக இருப்பதாகச் சொல்லி, 31 சுற்றோடு பந்தயத்தை முடித்துவிட்டார்கள். புரோஸ்டுக்கு முதல் பரிசு. ஆனால் பாதிப் பந்தயம் என்பதால் பாதிப் புள்ளிதான், நாலரை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு புரோஸ்ட் சாம்பியன் பட்டத்தை இழந்தது அரைப் புள்ளியில்! பந்தயம் முழுவதும் நடந்து அவர் 2-வதாக வந்திருந்தால்கூட 6 புள்ளி கிடைத்திருக்கும்.

பந்தயத்தை நிறுத்தினால் இப்படி ஒரு சங்கடம். நிறுத்தாமல் விட்டாலோ உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே கண்டுபிடித்த வழிதான் பாதுகாப்புக் கார்.

தேருக்கு முன் யானை

விபத்து நடந்தால் இந்தக் கார் பாதைக்குள் வரும். எல்லாரும் அதன் பின்னால் வரிசையாக, மெதுவாகப் போக வேண்டும். தேருக்கு முன்னால் யானை போவது போல அது முன்னே போகும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. அதற்குள் ஊழியர்கள் உடைந்த காரை அப்புறப்படுத்துவார்கள்.

1973-ல் கனடாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரும் குழப்பம்! முதலில் போகிறவருக்கு முன்னால் நிற்க வேண்டிய கார், வேறொருவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. வெற்றி பெற்றது யார் என்று முடிவு செய்யவே மணிக்கணக்கில் ஆனது. பிறகு 20 ஆண்டுகள் இதை முறையான சட்டம் ஆக்கவில்லை.

1993-ல் சட்டம் ஆயிற்று. அந்த ஆண்டு அது முதலில் பாதைக்கு வந்தது சென்னாவின் சொந்த ஊரான சாவ் பாவ்லோவில்தான். திடீர் மழையில் பல கார்கள் வழுக்கி மோதின. முதலில் போன புரோஸ்டும் மோதி வெளியேறினார். பாதுகாப்புக் கார் வந்தது. தண்டனை பெற்றுப் பின்தங்கியிருந்த சென்னா, இப்போது முதலாமவரான டாமன் ஹில்லுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார். பந்தயம் மறுபடி சூடு பிடித்ததும் ஹில்லை முந்தி வென்றார். ஊரே பாதைக்குள் இறங்கி ஆடியது.

இதைத்தான் அநியாயம் என்கிறார்கள். ஒருவர் பாடுபட்டுச் சேர்த்த அரை நிமிட இடைவெளி ஒரு நொடியில் கரைந்துவிடுகிறது. வாதம் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் பாதையில் குனிந்து இரும்புத் துண்டு பொறுக்கும் ஊழியருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் அல்லவா?

சென்னாவே சாது அல்ல. 1990-ல் ஜப்பானில் புரோஸ்டின் கார் மீது மோதிப் பட்டம் வாங்கினார். வேண்டும் என்றே செய்ததாக மறு ஆண்டு ஒப்புக்கொண்டார். அதே மனிதர் 1992-ல் பெல்ஜியத்தில், அடிபட்டுக் கிடந்த எரிக் கோமாஸ் என்ற வீரரைப் பார்த்ததும் தன் காரை நிறுத்தினார். மற்ற கார்கள் வரும் பாதையிலேயே ஓடிப் போய், அவர் காரின் எஞ்சினை அணைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

இமோலா

1994 மே 1. இத்தாலியில் இமோலா. முதல் நாள்தான் ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ரட்சன்பெர்கர் விபத்தில் மாண்டிருந்தார். சென்னா கண்ணீர் விட்டு அழுதார். பந்தயத்தை விட்டுவிடும்படி டாக்டர் சிட் வாட்கின்ஸ் அவரிடம் சொல்லிப் பார்த்தார். சென்னா சம்மதிக்கவில்லை.

பந்தயம் தொடங்கும்போதே இரண்டு கார்கள் மோதின. சக்கரமும் துண்டுகளும் பறந்து போய்ப் பார்வையாளர்களைக் காயப்படுத்தின. பாதுகாப்புக் கார் வந்தது. அது ஓப்பல் வெக்ட்ரா. குடும்பத்தோடு ஊருக்குப் போகும் வகைக் கார். பந்தயக் கார்களுக்கு அதன் வேகம் நடை வேகம் மாதிரி. சென்னா அதன் பக்கத்தில் போய், வேகமாகப் போகும்படி கையைக் காட்டினார். அதனால் அதற்கு மேல் முடியவில்லை.

மெதுவாகப் போனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பந்தயக் காரின் டயர் சூடாக இருக்க வேண்டும். சூடு குறைந்தால் உள்ளே காற்றின் அழுத்தம் குறையும். கார் தாழும். அடிப்பாகம் தரையில் உரசும். உரசினால் பிடிமானம் போய்விடும்.

5-வது சுற்று முடிந்ததும் பாதுகாப்புக் கார் விலகியது. 7-வது சுற்றில், டம்புரெல்லோ என்ற வளைவில், சென்னாவின் கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதியது. அன்று மாலையே பொலோனியா நகர மருத்துவமனையில் அவர் காலமானார். உடைந்த காருக்குள் சுருட்டி வைத்த ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது. ரட்சன்பெர்கர் நினைவாக வீசுவதற்குக் கொண்டுவந்தது.

டயர்தான் காரணம் என்றார்கள் சிலர். ஸ்டியரிங் தண்டு ஒடிந்தது என்றார்கள் சிலர். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. தண்டை மாற்றியமைத்த வேலை சரியில்லை என்று 2007-ல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. காலக்கெடு கடந்துவிட்டதால் தண்டனை யாருக்கும் இல்லை.

ஒன்று மட்டும் மாறியது. பிற்காலத்தில் பாதுகாப்புக் காராக மெர்சிடிஸ் போன்ற வேகமான கார்களைப் பிடித்துப் போட்டார்கள். ஆனாலும் தகராறு தீரவில்லை. 2014-ல் ஜப்பானில் பாதுகாப்புக் கார் வராத நேரத்தில், பழுதான காரைத் தூக்க வந்த வண்டியின் மீது ஜூல்ஸ் பியாங்கி மோதினார். மறு ஆண்டு இறந்தார். 2021-ல் அபுதாபியில் பாதுகாப்புக் கார் வந்து போன முறையால், லூயிஸ் ஹாமில்டன் கடைசிச் சுற்றில் உலகப் பட்டத்தைப் பறிகொடுத்தார். வந்தாலும் குற்றம், வராவிட்டாலும் குற்றம்!

சென்னாவின் உடல் சாவ் பாவ்லோவுக்கு வந்தபோது பிரேசில் அரசாங்கம் 3 நாள் துக்கம் அறிவித்தது. சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர், அவருடைய பரம எதிரி புரோஸ்ட். அந்த ஆண்டே சென்னாவின் சகோதரி விவியானி, ஏழைக் குழந்தைகளின் படிப்புக்காக அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கினார். இறப்பதற்கு முன் அவரோடு சென்னா பேசி வைத்திருந்த திட்டம் அது.