அறியாமல் இட்ட கையெழுத்து

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

மருத்துவ வரலாற்றைப் புரட்டினால் மருத்துவ மேதைகளின் பெயர்களே நிறைந்திருக்கக் காண்கிறோம். நோயாளி ஒருவரின் பெயர் அதில் இடம்பெறுவது அரிது. அவ்வாறு இடம்பெற்ற ஓர் ஏழைத் தாயின் வரலாற்றை இங்கு எழுத விழைகிறேன். ஆய்வுக்கூடங்களில் ஹீலா என வழங்கும் உயிரணுக்களை விலங்கியல் மாணவியர் அறிவோம். அவை ஹென்ரியட்டா லாக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் உடலிலிருந்து எடுக்கப்பட்டவை.

பிறப்பும் வாழ்வும்

ஹென்ரியட்டா 1920 ஆகஸ்டு 1ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். புகையிலைத் தோட்ட வேலையே அக்குடும்பத்தின் பிழைப்பு. ஆகவே பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. 1941இல் டேவிட் லாக்ஸ் என்பவரை மணந்து, பின்னர் பால்டிமோர் நகருக்கு அருகே குடியேறினார். ஐந்து மக்களுக்குத் தாயானார்.

நோயும் மருத்துவமும்

வயிற்றில் ஏதோ கட்டி இருப்பதை உணர்ந்த அவர், 1951 சனவரி 29ஆம் நாள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றார். கறுப்பின ஏழைகளுக்கு மருத்துவம் செய்த சில மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. ஆயினும் அங்கும் அவர்களுக்குத் தனிப் பிரிவுதான்! கருப்பை வாயில் புற்றுநோய் என்று சோதனையில் தெரிந்தது. தேவையென மருத்துவர்கள் கருதும் எதையும் செய்யலாம் என்ற ஒப்புதல் படிவத்தில் ஹென்ரியட்டா கையெழுத்திட்டார். அக்காலத்து முறைப்படி ரேடியம் வைத்து மருத்துவம் தொடங்கியது. அதற்கு முன்பாக, அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், ஆய்வுக்கென்று சிறிது திசுவை வெட்டி எடுத்துக்கொண்டனர்.

அம்மருத்துவத்தால் இனிக் குழந்தைப்பேறு இராது என்பதும் அவருக்குப் பின்னரே தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் இதற்கு உடன்பட்டிருக்க மாட்டேன் என்று அவர் கூறியது மருத்துவமனைக் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. இந்த ஒரு குறிப்புதான் என் நெஞ்சைத் தைத்தது. மருத்துவம் வேண்டாம் என்றிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று சிலர் கேட்கலாம். உயிரா, மகப்பேறா என்று எடைபோட்டுப் பார்க்கும் உரிமை யாருடையது என்பதே என் கேள்வி. 1951 அக்டோபர் 4ஆம் நாள், தம் 31ஆம் வயதில் அவர் காலமானார்.

அழியாத உயிரணுக்கள்

அத்திசுவைப் பெற்ற ஜார்ஜ் கை என்னும் ஆய்வாளர் வியப்புற்றார். அதுவரை ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்கள் நெடுநாள் பிழைத்ததில்லை. இவையோ ஏறத்தாழ ஒரு நாளில் இருமடங்காகப் பெருகின! இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தின் சோதனைக்கு அவை பயன்பட்டன. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான வைரசு ஒன்று 1980களில் அவ்வுயிரணுக்களிலேயே காணப்பட்டது. இன்று அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆயினும் அந்த உயிரணுக்கள் உலகெங்கும் வாழும் செய்தி அவர் குடும்பத்தாருக்கு 1973இல்தான் எட்டியது. அவற்றை விற்றுப் பொருளீட்டிய நிறுவனம் ஒன்றுடன் 2023இல் அவர்கள் உடன்பாடு கண்டனர்.

நாம் கற்பது என்ன?

நோயாளிக்கு விளங்கச் சொல்லிப் பெறுவதே உண்மையான ஒப்புதல் என்னும் கருத்து 1957இல் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பில் உருப்பெற்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2008இல், சோதனைக்கு மட்டும் ஒப்பிய பெண்ணின் கருப்பையை அகற்றியது தவறு என்று தீர்ப்பளித்தது. மருத்துவத்தின் தன்மை, அதன் பயன், தீங்கு, மாற்று வழிகள், மறுத்தால் நேர்வது ஆகியவற்றை நோயாளி அறிய வேண்டும் என்றும் அது கூறியது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். ஆகவே மருத்துவமனைச் சீட்டு எதுவானாலும் என் கைக்கே வரும். என் தந்தையாருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை என்றபோது, ஆங்கிலப் படிவத்தை நீட்டி, கைநாட்டு வைக்கச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். நான் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். மூட்டை தூக்க எத்தனை நாள் ஆகும் என்று அப்பா கேட்டார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அவசரம் இல்லை என்றும் சொன்னார். அறுவடை முடிந்ததும் வருகிறேன் என்று அப்பாவே நாள் குறித்தார். சொன்னபடியே சென்று நலமடைந்தார்.

கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. மருத்துவத்தை மறுப்பதும் ஆகாது. பட்டம் பெறப்போகும் நாம் ஒவ்வொருவரும், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கேனும் அவர் கைநாட்டு வைக்கும் தாளைப் படித்துச் சொல்வோமாக! ஹென்ரியட்டா அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.