உடன்பிறந்தோர் வளர்த்த கால்கள்

வில்மா ருடால்ஃப், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிளார்க்ஸ்வில் என்னும் ஊரின் அருகே, 1940ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பிறந்தார். குறைமாதக் குழந்தையாகிய அவரது எடை ஏறத்தாழ 2 கிலோ. தந்தையாரின் இரு மணங்களிலும் பிறந்த 22 மக்களுள் இவர் இருபதாமவர். தாயார் வெள்ளையர் இல்லங்களில் பணிசெய்தார்.

ஐந்து வயதளவில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது, இடக்கால் வலுவிழந்தது. கறுப்பின மக்களுக்கு அவ்வூரில் நல்ல மருத்துவம் கிடைக்கவில்லை. ஆகவே தாயார் வாரந்தோறும் மகளை நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஒருவழித் தொலைவே 80 கிலோமீட்டர். ஆனைகட்டியிலிருந்து கோயம்புத்தூர் சென்று திரும்பினாலும் அத்தொலைவு வாராது. பேருந்தில் பின்னிருக்கைகளே அவர்களுக்கு உரியவை.

காலை நாள்தோறும் நான்கு முறை நீவிவிட வேண்டும் என மருத்துவர் கூறினர். வேலைக்குச் செல்லும் தாய் ஒருவரால் இஃது இயலுமா? அண்ணன்மாரும் அக்காள்மாரும் முறைவைத்து நீவினர். ஒரு நாள் இரு நாள் அன்று, ஆண்டுக்கணக்கில்! முற்றத்தில் அண்ணன்மார் கூடைப்பந்து வளையம் அமைத்தனர். ஒருநாள் வீடு திரும்பிய தாயார், தனிக் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலுடன் பந்தாடும் மகளைக் கண்டு வியந்தார்.

பள்ளிக் கூடைப்பந்து அணியில் அக்காளைச் சேர்க்கப் பயிற்றுநர் விரும்பியபோது, தங்கையையும் சேர்த்தால்தான் அனுப்புவேன் என்றார் தந்தையார். அங்கிருந்தே அவர் ஓட்டத்திற்கு வந்தார். 1956இல், 16 வயதில், மெல்போர்ன் ஒலிம்பிக் தொடரோட்டத்தில் வெண்கலம் பெற்றார். 1960இல் ரோம் நகரில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். தொடரோட்டத்தில் கோல் கைமாறும்போது தடுமாற்றம் நேர்ந்தது. இறுதியாக ஓடிய வில்மா முன்சென்றவரைத் துரத்திப் பிடித்து வென்றார்.

ஊர் அவருக்கு வரவேற்பு விழா எடுக்க முனைந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியே நிற்கும் விழாவெனில் வாரேன் என மறுத்துவிட்டார் அந்த இருபது வயதுப் பெண். பதக்கங்களினும் இம்மறுப்பே பெரிது எனலாம். கிளார்க்ஸ்வில்லில் இரு இனத்தாரும் ஒன்றுகூடிய முதல் பொதுவிழா அதுவேயாயிற்று.

1962இல் ஓட்டத்தினின்று ஓய்வு பெற்றார். மறு ஆண்டு கல்வியியலில் பட்டம் பெற்று, தாம் சிறுமியாய்ப் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியரானார். 1994ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மறைந்தார்.