இருளை நேர் நின்று பார்த்தவர்

முன்னுரை

பேய்க்கதை கேட்க அஞ்சுவோர் உண்டு. கேட்காமல் எழுந்து போவோர் இல்லை. மின்சாரம் நின்றுபோன இரவுகளில் திண்ணையில் கூடி, பாட்டிமார் சொல்லும் முனிக் கதைகளையும் மோகினிக் கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெரம்பலூர்ப் பக்கத்துத் தோழியர் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். அரியலூர்ப் பக்கத்துத் தோழியர் மருதையாற்றைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். பத்தாம் வகுப்பிற்கு வந்த பின்னரும் அந்த ஆசை எங்களை விடவில்லை. மந்திரப் பள்ளிகளும், பாழடைந்த மாளிகைகளும், இரத்தம் குடிக்கும் பிரபுக்களும் வரும் தடித்த ஆங்கில நூல்கள் எங்களிடையே கைக்குக் கை மாறுகின்றன.

பெரியோர் பலர் இதனை விரும்புவதில்லை. இப்படிப்பட்ட கதைகளைப் படித்தால் மனம் கெடும், தூக்கம் கெடும், படிப்பும் கெடும் என்கின்றனர். அவர்களுடைய அக்கறையை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும், இருளைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் படிப்பவர் மனத்தை இருட்டாக்கவா எழுதினார்கள்? இந்த வினாவோடு தேடியபோது, கடல் கடந்து போகத் தேவையில்லாமல் நம் தமிழ்நாட்டிலேயே ஒருவர் கிடைத்தார். அவரே சிறுகதை மன்னர் எனப் போற்றப்படும் புதுமைப்பித்தன். அவருடைய வாழ்க்கையை இங்குக் காண்போம்.

தாயை இழந்த சிறுவன்

புதுமைப்பித்தனின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் சொந்த ஊர் திருநெல்வேலி. தந்தையின் வேலை காரணமாகச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகச் சிறுவனின் இளமை கழிந்தது.

எட்டு வயதில் தாயை இழந்தார். எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை. இருட்டில் பயந்து விழித்தால் கையைப் பிடித்துக்கொள்ள அம்மா இல்லாத பிள்ளைக்கு இருட்டு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பிற்காலத்தில் அவர் எழுதிய கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த எண்ணம் எங்களுக்கு வந்துகொண்டே இருந்தது.

1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே கிறித்தவப் பள்ளி ஒன்றில் பயின்று, பின்னர் இந்துக் கல்லூரியில் சேர்ந்தார். பாடநூல்களைக் காட்டிலும் கதை நூல்களிலேயே அவருடைய மனம் தோய்ந்தது. 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார்.

பித்தன் பிறந்தான்

படித்த பிள்ளை அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்பதே அக்காலப் பெற்றோரின் விருப்பம். விருத்தாசலமோ எழுத்தையே தொழிலாகக் கொள்ளத் துணிந்து சென்னைக்குச் சென்றார். எழுதிப் பிழைப்பது என்பது அன்று ஏறக்குறைய பட்டினி கிடக்கத் துணிவதற்குச் சமம். 1934இல் ‘மணிக்கொடி’ இதழில் அவருடைய கதைகள் வெளிவரத் தொடங்கின. ‘ஊழியன்’, ‘தினமணி’ ஆகிய பத்திரிகைகளில் பணியாற்றினார். 1943இல் ‘தினமணி’ ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் விலகியபோது இவரும் உடன் விலகினார். பின்னர் ‘தினசரி’யில் சேர்ந்தார்.

அவர் எழுதிய காலம் பதினைந்து ஆண்டுகளே. அதற்குள் ஏறத்தாழ நூறு சிறுகதைகளையும், பல மொழிபெயர்ப்புகளையும், கட்டுரைகளையும், கவிதைகளையும் எழுதிவிட்டார். ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ போன்ற கதைகளைப் பெரும்பாலோர் அறிவர். நாங்கள் சொல்ல விரும்புவது அவருடைய மற்றொரு பக்கத்தைப் பற்றியது.

பேய்க்குள் மனிதர்

பாட்டி சொல்லும் பேய்க்கதையில் பேய் வரும், பயமுறுத்தும், போய்விடும். புதுமைப்பித்தனின் கதையில் பேய் வந்ததா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது. ‘காஞ்சனை’ என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். கதை எழுதிப் பிழைக்கும் ஒருவரின் வீட்டிற்குப் பிச்சைக்காரப் பெண் ஒருத்தி வருகிறாள். அவர் மனைவி இரக்கப்பட்டு அவளை வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இரவில் எங்கிருந்தோ ஒரு வாசனை வருகிறது. நல்ல வாசனை போலத் தொடங்கிப் பிணவாடையாக மாறுகிறது. அவள் மனுஷிதானா? அல்லது எல்லாம் அவருடைய மனப்பிரமையா? கதை முடிந்த பின்னும் ஆசிரியர் அதைச் சொல்வதில்லை. புத்தகத்தை மூடிய பின்னரே நமக்குப் பயம் தொடங்குகிறது.

‘செவ்வாய் தோஷம்’ என்னும் கதையில் இரத்தக் காட்டேரி பயம் ஓர் ஊரையே பிடித்துக்கொள்கிறது. ‘பிரம்ம ராக்ஷஸ்’ என்னும் கதையில் உடலை இழந்தும் ஆசையை இழக்காத ஓர் ஆவி தவிக்கிறது. ‘காலனும் கிழவியும்’ என்னும் கதையோ வேடிக்கையும் விவேகமும் நிறைந்தது. எருமை மீதேறி உயிரைக் கவர வந்த எமன், ஓர் ஏழைக் கிழவியிடம் தோற்று வெறுங்கையோடு திரும்புகிறான். மரணத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொடுத்தவர் அவர்.

பேயே வராத அவருடைய கதைகள் இவற்றைவிட நடுங்கவைக்கும். ‘துன்பக்கேணி’ என்னும் கதையில் நெல்லைச் சீமைப் பெண்ணான மருதி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போகிறாள். அங்கே அவள் படும் துன்பத்தைப் படித்த பிறகு, இவளைத் துரத்திய மனிதர்களைவிட எந்தக் காட்டேரி கொடியது என்று எங்களுக்குக் கேட்கத் தோன்றியது.

இதை எண்ணும்போது எங்கள் மருதையாற்றுக் கதை வேறுவிதமாகத் தெரிகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், பெருமழையால் வெள்ளம் கரைபுரண்டபோது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு வண்டி அரியலூருக்கு அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இரவில் அங்கே அழுகுரல் கேட்கும் என்று சொல்லி எங்களைப் பயமுறுத்துவார்கள். அது பேயின் குரல் அன்று. தம் பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் துயரத்தை ஊர் மறக்காமல் வைத்திருக்கும் வழி அது. பல பேய்க்கதைகளுக்கு அடியில் இப்படி ஓர் உண்மைத் துயரம் புதைந்து கிடக்கிறது. புதுமைப்பித்தன் அதைத்தான் தோண்டிப் பார்த்தார்.

பதினெட்டு வயதுப் பெண்ணின் பூதம்

புதுமைப்பித்தன் மொழிபெயர்த்த நூல்களுள் ஒன்று ‘பிரேத மனிதன்’. அதன் மூலநூல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்னும் ஆங்கில நாவல். உலகப் புகழ் பெற்ற அந்தப் பயங்கரக் கதையை எழுதியவர் ஒரு பெண் என்று அறிந்தபோது எங்களுக்கு வியப்பு. அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு என்று அறிந்தபோது வியப்பு இரட்டிப்பாயிற்று. எங்களைவிட மூன்றே வயது மூத்தவர்!

அவர் பெயர் மேரி ஷெல்லி. 1797இல் இலண்டனில் பிறந்தார். பெண் கல்விக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் அவருடைய தாய். மகள் பிறந்த பதினோராம் நாளுக்குள் அந்தத் தாய் மறைந்தார். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து அதன் சாம்பல் வானை மறைத்ததால், 1816இல் ஐரோப்பாவில் கோடைக்காலமே வரவில்லை. இடைவிடாத மழையில் ஜெனிவா ஏரிக்கரை வீட்டில் அடைபட்டிருந்த நண்பர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று பந்தயம் வைத்தனர். அங்குப் பிறந்ததே இந்த நாவல். 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமலே வெளிவந்தது.

பிணங்களின் உறுப்புகளைக் கொண்டு ஓர் உருவத்தைப் படைக்கிறான் ஓர் இளைஞன். அது கண் விழித்ததும் அருவருப்படைந்து அதைக் கைவிட்டு ஓடுகிறான். அந்தப் பூதம் ஒரு குடிசையின் அருகே ஒளிந்திருந்து மொழி கற்கிறது, புத்தகம் படிக்கிறது, அன்புக்கு ஏங்குகிறது. எல்லோரும் விரட்டிய பிறகே கொடியதாக மாறுகிறது. தாயை அறியாத ஒரு பெண் எழுதிய கதையைத் தாயை இழந்த ஒருவர் தமிழில் தந்தார். கைவிடப்பட்ட உயிரின் குரல் இருவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

இருண்ட நாட்கள்

எழுத்து புதுமைப்பித்தனுக்குப் புகழைத் தந்தது, சோறு தரவில்லை. கமலா பெரும்பாலும் திருவனந்தபுரத்தில் இருக்க, அவர் சென்னையில் தனித்து வாழ்ந்தார். கடிதங்களே இருவரையும் இணைத்தன. அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாக வந்துள்ளன. கமலாவும் சிறுகதை எழுதியவர் என்பதையும் தோழியர் அறிய வேண்டும். ‘காசுமாலை’ என்பது அவருடைய தொகுதி.

1946இல் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குடும்பத்தைக் காக்கத் திரைப்படத்துறையில் முயன்றார். ‘ராஜமுக்தி’ படத்திற்கு வசனம் எழுதப் புனே சென்றார். அங்கே காசநோய் அவரைப் பற்றியது. காசநோய்க்குரிய ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து அப்போது கண்டுபிடிக்கப்பட்டிருந்தும் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. உடல் மெலிந்து திருவனந்தபுரம் திரும்பியவர், 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. மகளுக்கு வயது இரண்டு. எட்டு வயதில் தாயை இழந்தவர், இரண்டு வயது மகளை விட்டுப் பிரிந்தார். அவர் எழுதிய எந்தக் கதையையும்விட இதுவே எங்களைக் கலங்க வைத்தது.

நண்பர்கள் அவருடைய குடும்பத்திற்காக நிதி திரட்டினர். அவர்களுள் ஒருவரான தொ. மு. சி. ரகுநாதன் 1951இல் அவருடைய வரலாற்றை நூலாக்கினார். 2002இல் தமிழ்நாடு அரசு புதுமைப்பித்தனின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. எனவே அவை இன்று மலிவு விலையிலும் கிடைக்கின்றன.

முடிவுரை

அச்சமூட்டும் நூல்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கொலையையும் குருதியையும் காட்டி நம்மை அலற வைப்பதோடு நிற்கும் நூல்களும் உண்டு. அவற்றை மூடி வைத்தால் நமக்கு நட்டமில்லை. பேயைக் காட்டும் சாக்கில் மனிதரைக் காட்டும் நூல்களும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய நாங்கள் ஒரு வழி கண்டோம். படித்து முடித்ததும் யாரைக் கண்டு பயந்தோம் என்று மட்டும் கேட்காமல், யாருக்காக வருந்தினோம் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒருவருக்காகவும் வருந்தவில்லை என்றால், அந்த நூல் நம் பொழுதைத்தான் தின்றது. ஒருவருக்காகவேனும் கண் கலங்கினால், அது நல்ல நூலே.

பெற்றோரும் ஆசிரியப் பெருமக்களும் எங்கள் கையிலுள்ள புத்தகத்தைப் பறிப்பதற்கு முன், எங்களோடு அமர்ந்து அதில் நாலு பக்கம் படித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தோழியரே, ஆங்கில மாளிகைகளில் உலவும் ஆவிகளை அறிந்த நீங்கள், ‘காஞ்சனை’யையும் ஒருமுறை படியுங்கள். பகலில் படிப்பது நலம்!

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி